நான் இறக்கிவிட்ட காற்று

ஏழு ஆண்டுகளுக்கு முன், ஒரு வியாழக்கிழமை காலை, விபத்தில் அடிபட்டு எங்கள் பணிமனைக்கு இழுத்துவரப்பட்ட ஓர் அம்பாசிடர் காரின் முன் டயர்களிலிருந்து நான் காற்றை இறக்கினேன். வலப்பக்க டயரில் காற்றழுத்தம் நாற்பத்தொன்று பி.எஸ்.ஐ. இருந்தது, பதினெட்டுக்குக் கொண்டுவந்தேன். இடப்பக்கத்தில் நாற்பது, அதை இருபத்திரண்டில் நிறுத்தினேன். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் சந்தேகம் வரும் என்று யோசிக்கும் அளவுக்கு அன்று என் மூளை தெளிவாக வேலை செய்தது. பிறகு, அந்தக் காரின் ஓட்டுநர் காற்றைக் குறைத்து ஓட்டியதால்தான் விபத்து நடந்தது என்று சொன்னேன். அவருக்கு வேலை போயிற்று. செய்தது நான்.

இந்தப் பணிமனையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி இப்போதைய மேலாளர் கேட்டார். "பழைய கார்களுக்கு டயர் காற்று எவ்வளவு வைப்பது என்பதில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் சார். அதைப் பற்றி எழுதுங்கள்" என்றார். எனக்கு அதைப் பற்றி எழுத வேறு வழி தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். கற்றுக்கொள்ள வேண்டியது அதற்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் கார் ராயபுரத்தில் மருத்துவமனை வைத்திருந்த ஒரு பெண் மருத்துவருடையது. அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பிரசவம் பார்ப்பதில் அந்த வட்டாரத்தில் அவருக்கு இருந்த பெயர் சாதாரணமானதல்ல. கோயில் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அவர் கையில் பிறந்த ஒருவராவது இருப்பார் என்பார்கள். புதன்கிழமைதோறும் எண்ணூர் மீனவக் குப்பம் ஒன்றுக்குப் போய் இலவசமாக வைத்தியம் பார்த்துவிட்டு வருவார். கார் ஓட்டியவர் சவரிமுத்து. ராயபுரத்துக்காரர். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருடம் அந்த ஒரே காரை ஓட்டியிருந்தார்.

நான் அப்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள இந்தப் பணிமனையின் மேற்பார்வையாளராக இருந்தேன். இயந்திரப் பொறியியல் படித்தவன். மற்றவர்கள் கையால் கற்றதை நான் புத்தகத்தால் கற்றேன் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. அதை மறைத்துக்கொள்ளவும் நான் முயன்றதில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் காற்றுக் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக 40 என்று எழுதியிருக்கும். எழுதியவன் நான். கார் எதுவானாலும் நாற்பது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இந்தச் சாலையை என்ன பாடு படுத்துகின்றன என்று உங்களுக்கே தெரியும். பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளையும், டயரின் பக்கவாட்டு வெடிக்கும். காற்று கெட்டியாக இருந்தால் ரிம் தப்பிக்கும் என்று இந்தச் சாலையில் உள்ள எல்லாப் பஞ்சர் கடைகளும் அன்றும் நம்பின, இன்றும் நம்புகின்றன. ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் சர்வீஸ் முடித்து எடுத்துப்போன காரை அன்று மாலையே ரிம் வளைந்து கொண்டுவந்து, பத்துப் பேர் நடுவில் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். மறுநாள் சாக்பீஸை எடுத்தேன்.

அந்த எண்ணை நான் எந்தக் காரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. என் மேசைக்குப் புகார் வராத எண் அது. வளைந்த ரிம் நேராகப் பணிமனைக்கு வந்து நிற்கும். காற்று அதிகமாகி, பிரேக் பிடிக்கும்போது தரையில் சரியாகப் பதியாத டயர் வேறு எங்கோ, நாம் இல்லாத இடத்தில் கணக்குத் தீர்க்கும். அது நம் வாசலுக்கு வருவதில்லை. இந்த வித்தியாசம் எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கு வசதியாக இருந்தது.

டாக்டரின் காருக்குப் பழைய நைலான் டயர்களை மாற்றி ரேடியல் டயர் போட்டோம். காரோடு வந்த கையேட்டில் இருந்த அளவு நைலான் டயருக்கானது. டயரின் பக்கவாட்டில் நாற்பத்துநான்கு என்று அச்சாகியிருந்தது. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அந்தக் கார் கேட்கும் அளவல்ல. இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைத் தேட வேண்டும். நான் தேடவில்லை. சுவரைக் காட்டினேன்.

நான்காம் நாள் சவரிமுத்து காரோடு வந்து நின்றார். காற்றுக் குழாயைப் பார்த்துக்கொண்டவர் தாஸ். எங்களிடம் முப்பது வருடம் வேலை செய்தவர், வாய் சும்மா இருக்காது.

"இன்னா சவரி, புது ஷூ போட்டா கால் கடிக்குதா?"

"காத்து ஜாஸ்தியா கீது மாமு. வண்டி குதிக்கிது. பின்னாடி அம்மா கட்டை வண்டில குந்திகினு வர்ற மாறி வருது. அத்தவுடு, பிரேக் புடிச்சா வழுக்கினு போவுதுபா. முன்னாடி இருவத்தெட்டு, பின்னாடி முப்பது வெச்சுக்குடு."

"டாக்டரம்மா வண்டின்னதும் டயருக்கே பி.பி. பாக்க ஆரம்பிச்சிட்டியா நைனா?"

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சவரிமுத்து சட்டைப் பையிலிருந்து காற்றை அளக்கும், பேனா மாதிரி ஒரு சின்ன கேஜை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தெனம் காலைல வண்டி எடுக்கறதுக்கு மின்னாடி பாப்பேன் சார். ஓடினப்பறம் பாத்தா சூட்டுல ஏத்திக் காட்டும். பின்னாடி மருந்துப் பொட்டி ஏத்தறதால ரெண்டு கூட வெக்கறேன். இருவத்தெட்டும் முப்பதும் வெச்சா வண்டி சொன்ன பேச்சு கேக்குது."

இன்று சொல்கிறேன்: அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. குளிர்ந்த டயரில் அளப்பது, பாரத்தைப் பார்த்துப் பின் சக்கரத்துக்குக் கூட்டுவது, ஓட்டிப் பார்த்துத் திருத்துவது என்று நான் கல்லூரியில் படித்ததைத்தான் அவர் சொன்னார். ஆனால் பத்துப் பேர் நடுவில், கையில் பத்து ரூபாய் கேஜோடு சொன்னார்.

"சவரி, ஸ்டீயரிங் உன் வேலை. காத்து என் வேலை" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் போனதும் டாக்டருக்குப் போன் செய்தேன். "உங்கள் டிரைவர் காற்றை இறக்கி ஓட்டப் பார்க்கிறார். புது டயர் வீணாகிவிடும். தொடக்கூடாது என்று சொல்லி வையுங்கள்" என்றேன். படித்தவர் படித்தவருக்குச் சொன்னது. அவர் சவரிமுத்துவிடம் சொன்னார். சவரிமுத்து அதன் பிறகு காற்றைத் தொடவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, அந்த வருடத்தின் முதல் நல்ல மழை. எண்ணூர்ச் சாலையில் லாரிகள் சிந்திய சாம்பலும் கரித்தூளும் மழையில் குழம்பிச் சேறாகிக் கிடந்தன. முன்னால் போன டிரெய்லர் சட்டென்று நின்றது. சவரிமுத்து பிரேக் பிடித்தார். கார் நிற்காமல் நேராக வழுக்கிப் போய் டிரெய்லரின் பின்புறத்தில் மோதியது. வேகம் அதிகமில்லை. சவரிமுத்துவுக்கு நெற்றியில் ஐந்து தையல். பின் இருக்கையில் இருந்த டாக்டர் முன்னால் கையை ஊன்றியதில் அவருடைய வலது மணிக்கட்டு நொறுங்கியது.

காரை எங்கள் கொட்டகைக்கு இழுத்துவந்து போட்டார்கள். மறுநாள் பதினொரு மணிக்குக் காப்பீட்டு ஆய்வாளர் வருவதாகத் தகவல். நான் வழக்கம்போல எட்டு மணிக்கே வந்துவிட்டேன். முதலில் கேஜைத்தான் எடுத்தேன். நாற்பத்தொன்று, நாற்பது.

என் முதல் எண்ணம் டாக்டரின் கையைப் பற்றியது அல்ல. 'சவரி இதைச் சொல்லியிருந்தான், பத்துப் பேர் கேட்டிருந்தார்கள்' என்பதுதான். இரண்டாவது எண்ணம், 'அவன் காற்றை இறக்குகிறவன் என்று டாக்டரிடம் நானே சொல்லி வைத்திருக்கிறேன்.' இந்த இரண்டு எண்ணங்களுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதிகம் போகவில்லை. குனிந்து வால்வு ஊசியை அழுத்தினேன்.

பிறகு ஈரத் துணியால் சுவரில் இருந்த நாற்பதைத் துடைத்தேன். ஒன்பது மணிக்கு வந்த தாஸ் சுவரைப் பார்த்தார்.

"இன்னா சார், நம்பரக் காணோம்?"

"வெள்ளை அடிக்கப் போறோம்."

அவர் காரின் முன் சக்கரங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அன்று முழுவதும் அவர் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

ஆய்வாளர் வந்தார், அளந்தார், குறித்துக்கொண்டார். ஓட்டுநர் காற்றை இறக்கி ஓட்டியிருக்கிறார் என்று அவரிடம் சொன்னேன். அன்று மாலை டாக்டர் தொலைபேசியில் பேசினார். சவரிமுத்து அவர் பக்கத்தில் நிற்பது எனக்குக் கேட்டது. "நான் தொடலமா, மாதா சத்தியமாத் தொடல" என்ற குரல். டாக்டர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "நீங்களே அளந்தீங்களா?"

"அளந்தேன் டாக்டர். கேஜ் பொய் சொல்லாது."

டயரில் காற்றை இறக்கியது பயத்தில் செய்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது. இந்த ஐந்து சொற்களை அப்படிச் சொல்லிக்கொள்ள இன்றுவரை முடியவில்லை.

சவரிமுத்துவை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். டாக்டரின் மணிக்கட்டு கூடியது, ஆனால் முழுக்கத் திரும்பவில்லை. பிரசவம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். ராயபுரத்தில் சவரிமுத்துவுக்கு 'அம்மா கையை ஒடிச்சவன்' என்று பெயர் வந்தது. அந்தக் கையால் பிறந்தவர்கள் நிறைந்த ஊரில் அந்தப் பெயரோடு ஓட்டுநர் வேலை கிடைக்குமா? இரண்டு வருடம் அலைந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதன் பிறகு அவரைப் பற்றி விசாரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாற்பதுதான் விபத்துக்குக் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சேற்றில் இருபத்தெட்டு வைத்திருந்தாலும் கார் வழுக்கியிருக்கலாம். டிரெய்லரின் பிரேக் விளக்கு எரியவில்லை என்றும் பேச்சு இருந்தது. டயர்களை அப்படியே விட்டிருந்தால் யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள். உண்மையைத் தெரிந்துகொள்ளும் வழியையே நான் ஊசி முனையில் அழுத்தி வெளியே விட்டுவிட்டேன். குற்றவாளியா இல்லையா என்று தெரியாமலே குற்றவாளியானேன்.

ஓய்வு பெற்ற பிறகு, சில மாதங்களுக்கு முன், உறவினர் ஒருவரின் வேலையாக மணலி புதுநகர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்குக்கு என் காரில் போனேன். வாசலில் காவலாளி வண்டி எண்ணைக் குறிக்க நோட்டோடு வந்தார். நெற்றியில் தழும்பு. இருவருக்கும் ஒரே நேரத்தில் அடையாளம் தெரிந்தது. நான் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினேன். அவர் எண்ணை எழுதினார், என் கையெழுத்தை வாங்கினார், காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவந்தார்.

"மின்னாடி டயர்ல காத்து ஜாஸ்தியா கீது சார். நடுவுல மட்டும் தேஞ்சுகினு வருது. மழை நாளு. பாத்துப் போங்க."

குத்திக்காட்டியதாக எனக்குப் படவில்லை. அப்படிப் பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வேலையில் இருக்கும் ஓட்டுநர் இன்னோர் ஓட்டுநருக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வாசல் தடுப்புக் கம்பியைத் தூக்கினார்.

மறுவாரம் டாக்டரைப் பார்க்கப் போனேன். நோயாளிகள் எல்லோரும் போகும் வரை காத்திருந்து, உள்ளே போய், உட்காராமலே சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும் வலது கையை மேசைக்கு அடியில் எடுத்துக்கொண்டார்.

"ஏன் இப்ப சொல்றீங்க? தூக்கம் வரலையா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. எனக்குச் செஞ்சதை விடுங்க, எலும்புதானே. அவன் என் எதிர்ல நின்னு தொடலன்னு அழுதான். பத்தொன்பது வருஷம் என்னைக் கூட்டிக்கிட்டுப் போய்க் கூட்டிக்கிட்டு வந்தவன். நான் அவனை நம்பல, உங்க படிப்பை நம்பினேன். வாசல்ல நிக்க வெச்சே அனுப்பிட்டேன்." மேசை மேலிருந்த மருந்துச் சீட்டுகளை இடது கையால் ஒதுக்கி வைத்தார். "நான் போய் அவனைப் பாக்கணும். நீங்களும் போங்க. ஆனா சேர்ந்து போக வேண்டாம். சேர்ந்து போனா நம்மள உக்கார வெச்சு கலர் சோடா வாங்கிக் குடுப்பான். அவன் திட்டணும்னா திட்ட முடியாமப் போயிடும்."

அவர் முதலில் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

நான் போனது ஒரு பகல் பன்னிரண்டு மணிக்கு. கிடங்கு வாசலில் வண்டிகள் இல்லாத நேரம். சவரிமுத்து நாற்காலியிலிருந்து எழுந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தெரியும் சார்."

"டாக்டரம்மா சொன்னாங்களா?"

"அன்னிக்கே தெரியும். நான் எறக்கல. அம்மா எறக்கல. வண்டி உங்க ஷெட்டுல கீது. அப்பறம் யாரு, கர்த்தரா வந்து எறக்கிட்டுப் போவாரு?"

"ஏன் சொல்லல சவரி?"

"சொல்லாம இன்னா? ஊரு முழுக்கச் சொன்னேன். யாரு கேட்டா? 'இஞ்சினீரு பொய் சொல்வாரா, உனக்கு இன்னாத்துக்குடா பேஜாரு'ன்னு என் பொஞ்சாதியே கேட்டா சார்." அவருடைய குரல் அங்கே உடைந்தது. "வூட்டுக்குள்ள கேட்டா."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்தார்.

"எழுது சார். வாயால சொல்றது எனக்கு வாணாம்."

வாசல் மேசையில் குனிந்து எழுதினேன். நடந்த தேதி, காரின் எண், நான் வைத்த அளவு, அவர் கேட்ட அளவு, காலையில் நான் கண்ட அளவு, நான் இறக்கிய அளவு. கீழே என் பெயர், படிப்பு, வகித்த பதவி, தொலைபேசி எண், கையெழுத்து. அவர் வாங்கி விரல் வைத்துப் படித்தார்.

"ஒண்ணு வுட்டுட்ட சார். 'டிரைவர் காற்றைத் தொடவில்லை'ன்னு தனியா ஒரு வரி போடு."

போட்டேன். இன்னொரு முறை படித்தார். அதற்குள் ஒரு டிரெய்லர் வந்து ஹாரன் அடித்தது. தாளை மடித்துக்கொண்டு நோட்டை எடுத்துக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் சற்று நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினேன்.

இனி, மேலாளர் கேட்டது. பழைய கார் வந்தால் கையேட்டின் எண்ணில் தொடங்குங்கள். அது எந்த வகை டயருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். டயர் மாறியிருந்தால் டயர் செய்தவர்களின் அட்டவணையைக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் இருப்பது எல்லை, அளவு அல்ல. ஓடி வந்த வண்டியில் அளக்காதீர்கள். பின்னால் என்ன ஏற்றுகிறார்கள் என்று விசாரியுங்கள். கடைசியாக, அந்த வண்டியைத் தினமும் ஓட்டுகிறவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வது பிடிக்காவிட்டால் இரண்டு முறை கேளுங்கள். வைத்த அளவை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடிபட்ட வண்டி வந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் நான்கு சக்கரங்களையும் இன்னொருவர் முன்னிலையில் அளந்து எழுதுங்கள். அவர் உங்களுக்குக் கீழ் வேலை செய்பவராக இருக்க வேண்டாம். தாஸின் முகத்தைப் பார்த்தவன் சொல்கிறேன்.

சவரிமுத்துவுக்கு அந்தத் தாளை நான் எழுதிக் கொடுத்த மூன்றாம் வாரம் மணலியில் ஒரு போக்குவரத்து நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் இளைஞர், மரியாதையாகப் பேசினார்.

"சவரிமுத்துன்னு ஒருத்தர் எங்க ஸ்டாஃப் காருக்கு டிரைவர் வேலை கேட்டு வந்திருக்கார் சார். ஒரு லெட்டர் கொடுத்திருக்கார். அதுல இருக்கிறது உங்க கையெழுத்துதானா?"

"என் கையெழுத்துதான். எழுதியிருப்பது அத்தனையும் உண்மை" என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. இந்த வட்டாரத்தில் அவரைவிடக் கவனமான ஓட்டுநரை நான் பார்த்ததில்லை என்றேன். எங்கே வேண்டுமானாலும் நேரில் வந்து சொல்கிறேன் என்றேன்.

"லெட்டர்ல பிரச்சினை இல்ல சார். ஓட்டிக் காட்டினார், ரொம்ப நல்லாவே ஓட்டினார். ஆனா எங்க ஆபீஸ்ல ஐம்பத்தைந்துக்கு மேல டிரைவர் எடுக்கறதில்ல. அவருக்கு ஐம்பத்தொன்பது ஆகுது."

ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் எனக்குப் போன் செய்ததாகச் சொன்னார். சவரிமுத்து அப்போதும் அவர்களுடைய வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.